பதினைந்தாயிரத்துக்குள் முதல் மாடல் ரயில் இன்ஜின்: தருமபுரியில் இருந்துகொண்டு வாங்குவது எப்படி

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் என் முதல் மாடல் இன்ஜினைக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு சனிக்கிழமை. அன்று சாயங்காலமே, செட்டோடு வந்த கன்ட்ரோலரை, அதாவது ரயிலுக்குக் கரண்ட் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியை, சுவரில் செருகிய ஐந்தாவது நிமிடம் அது 'ம்ம்ம்' என்று உறுமியது, சூடானது, பிறகு கருகிய வாடை அடித்தது. "என்னங்க, மிக்ஸி எரியுதா?" என்று சமையலறையிலிருந்து குரல். மிக்ஸி இல்லை, பதினேழாயிரம் ரூபாய். வேறு கன்ட்ரோலர் வைத்து ஓட்டிப் பார்த்தபோது அடுத்த சிக்கல் வந்தது. ஆறு அச்சு (ஆறு ஜோடிச் சக்கரம்) கொண்ட அந்தப் பெரிய இன்ஜின் என் சின்ன வளைவுக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் தடம்புரண்டது.

இரண்டாம் முறை 12,800 ரூபாயில் எல்லாம் முடிந்தது. அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பொம்மைக் கடையில் போய் மாடல் ரயில் கேட்டால் பேட்டரி ரயிலைத்தான் எடுத்து மேஜையில் வைப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்து வாங்க வழியில்லாததால், வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது நமக்குக் கொஞ்சம் அதிகம்.

1. முதலில் பலகை, அப்புறம் இன்ஜின்

எல்லோரும் இன்ஜின் படத்தைப் பார்த்து மயங்கித்தான் ஆரம்பிக்கிறோம். அதைத் தள்ளி வைத்துவிட்டு டேப் எடுத்து இடத்தை அளந்து பாருங்கள். எந்த ஸ்கேல் (நிஜ ரயிலில் எத்தனையில் ஒரு பங்கு என்கிற அளவு) என்பதை உங்கள் வீட்டு இடம்தான் முடிவு செய்யும்.

புதியவர்களுக்குக் கட்டுப்படியாகும் ஸ்கேல்கள் இரண்டு. எச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். 'என்' (ஆங்கில எழுத்து N) ஸ்கேல் 160-ல் ஒரு பங்கு, அகலம் 9 மில்லிமீட்டர். ஜப்பான்காரர்களின் 'என்' ஸ்கேல் பெரும்பாலும் 150-ல் ஒரு பங்கு, ஆனால் தண்டவாளம் அதே 9 மில்லிமீட்டர்தான். மொரப்பூர் வழியாகப் போகும் டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜின் சுமார் இருபதரை மீட்டர் நீளம். அதை எச்.ஓ.வில் செய்தால் ஏறக்குறைய 23.5 சென்டிமீட்டர், 'என்' ஸ்கேலில் 13 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இன்ஜின் நீளத்தைவிட வளைவுதான் இடத்தைத் தின்னும். அமெரிக்க எச்.ஓ. செட்டுகளில் வழக்கமாக வருவது 18 அங்குல ஆர வளைவு. அது திரும்பி வரவே 36 அங்குலம் போய்விடும். ஓரம் விட்டால் நான்கடி அகலப் பலகை வேண்டும். அதாவது எட்டுக்கு நான்கு பிளைவுட் ஷீட் முழுசாக ஒன்று. அதைப் போட்டால் ஹாலில் ஆள் நடக்க முடியாது. ஜப்பானிய 'என்' ஸ்கேலில் பரவலாகக் கிடைக்கும் 249 மில்லிமீட்டர் ஆர வளைவு இரண்டடி அகலத்துக்குள் அடங்கிவிடும். நான் பிளைவுட் கடையில் இரண்டடிக்கு நான்கடி துண்டு ஒன்று வெட்டி வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். வாடகை வீடு என்றால் 'என்' ஸ்கேலுக்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

கண் மங்கலாகத் தெரிகிறவர்களும் விரல் நடுங்குகிறவர்களும் மட்டும் எச்.ஓ. பக்கம் போங்கள். 'என்' ஸ்கேல் பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஏற்றுவது ஊசியில் நூல் கோர்க்கிற வேலைதான்.

2. பணத்தை முதலிலேயே கூறு போடுங்கள்

கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது என்றால் பதினைந்தாயிரத்துக்கும் இன்ஜின் வாங்கக் கூடாது. பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் நான் அதைத்தான் செய்தேன். இரண்டாம் முறை எனக்கு ஆன கணக்கு இது, எல்லாம் 'என்' ஸ்கேல்:

பழைய இன்ஜின் 3,600. நீள்வட்டத் தண்டவாளம் 4,200. நான்கு சரக்குப் பெட்டி 2,800. நானே கட்டிய கன்ட்ரோலர் 850. பிளைவுட் துண்டு 1,000. ஆல்கஹால், எண்ணெய், துணி வகையறா 350.

இன்ஜினைவிடத் தண்டவாளத்துக்கு அதிகம் ஆனதைக் கவனியுங்கள். அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இணைப்புத் தளர்ந்த மலிவுத் தண்டவாளத்தில் எந்த நல்ல இன்ஜினும் நின்று நின்றுதான் ஓடும், பழி இன்ஜின் மேல் விழும். அடியில் பிளாஸ்டிக் ஜல்லிப் படுகையோடு வருகிற, சொடுக்கிச் சேர்க்கிற வகை நல்லது.

சத்தம் எழுப்பும் டிஜிட்டல் இன்ஜின்கள் ஆசை காட்டும். டி.சி.சி. என்கிற அந்த முறையில் இன்ஜினுக்குள் டிகோடர் என்ற சிறு சர்க்யூட் இருக்கும், ஒரே தண்டவாளத்தில் பல இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டலாம். ஒரே ஒரு இன்ஜின் வைத்திருக்கிறவருக்கு அது எதற்கு? சாதாரண 12 வோல்ட் டி.சி. இன்ஜின் வாங்குங்கள். உள்ளே டிகோடர் சாக்கெட் மட்டும் காலியாக இருந்தால் போதும், பிறகு ஆசையும் பணமும் சேர்ந்து வரும்போது செருகிக்கொள்ளலாம்.

3. அச்சை எண்ணுங்கள்

பட்ஜெட் ரயிலுக்கு நான்கு அச்சு டீசல் அல்லது மின்சார இன்ஜினே சரியான முதல் வண்டி. சின்ன வளைவில் பிடிவாதம் செய்யாது, விலையும் குறைவு.

பெயரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அமெரிக்க இன்ஜின்களில் ஜி.பி. என்று தொடங்கினால் நான்கு அச்சு, எஸ்.டி. என்று தொடங்கினால் ஆறு. அங்கேயே ஆல்கோ என்ற நிறுவனத்தின் வகையில் ஆர்.எஸ். என்றால் நான்கு, ஆர்.எஸ்.டி. என்றால் ஆறு. ஜப்பானிய இன்ஜினில் முதல் எழுத்து மின்சாரமா டீசலா என்று சொல்லும், இரண்டாம் எழுத்து இழுக்கும் அச்சுகளின் எண்ணிக்கையைச் சொல்லும்: டி என்றால் நான்கு, எஃப் என்றால் ஆறு. ஆக இ.டி. என்று தொடங்கினால் நான்கு அச்சு இழுக்கும் மின்சார இன்ஜின். என்னிடம் இருப்பது அதுதான். நான் முதலில் ஏமாந்தது எஸ்.டி. இன்ஜினில். 22 அங்குல ஆரம் கேட்கிற அதை 18 அங்குலத்தில் ஓட்டப் பார்த்தது என் தப்பு.

"நம்ம ஊர் இன்ஜின்தான் வேணும்" என்று மனசு சொல்லும். எனக்கும் பாலக்கோடு பக்கம் போகிற வண்டியைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. ஆனால் டபிள்யூ.டி.எம்.-2, டபிள்யூ.டி.பி.-4, டபிள்யூ.ஏ.பி.-4, டபிள்யூ.ஏ.பி.-7 எல்லாமே ஆறு அச்சு. நான்கு அச்சு என்றால் டபிள்யூ.ஏ.பி.-5 போன்ற சில மட்டும்தான். இந்திய இன்ஜின்களைச் சிறு அளவில் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், கைவேலை என்பதால் விலை நம் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். இரண்டாவது இன்ஜினாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெளிநாட்டு இன்ஜின் ஒன்றுக்கு நீல நிறம் அடித்து ஈரோடு ஷெட் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பார்க்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது, பத்தாவது ஆள் உங்களுக்கு நண்பராகிவிடுவார்.

நீராவி இன்ஜின் முதல் வண்டியாக வேண்டவே வேண்டாம். அழகுதான். ஆனால் அந்த இணைப்புக் கம்பிகளில் ஒன்று வளைந்தால் மொத்தமும் நிற்கும். குட்டி நீராவி இன்ஜின்களில் கரண்ட் எடுக்கும் சக்கரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி இருப்பதால், தூசி பட்டால் உடனே முக்கும். நம் ஊரில் தூசிக்குப் பஞ்சமா?

4. கரண்ட்: அதிகம் பேர் விழுகிற குழி

இதை நிதானமாகப் படியுங்கள். அமெரிக்க செட்டோடு வரும் கன்ட்ரோலர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஜப்பான் கன்ட்ரோலர் 100 வோல்ட். நம் வீட்டில் வருவது 230. பிளக் மாற்றி வாங்கிச் செருகினால் பின் பொருந்தும், வோல்ட் பொருந்தாது. என் வீட்டில் கருகியது அப்படித்தான். ஐரோப்பியக் கன்ட்ரோலர்கள் 230-க்குச் செய்தவை, அவற்றுக்குப் பிளக் மாற்றி போதும்.

ஆகவே கன்ட்ரோலர் இல்லாமல் இன்ஜினும் தண்டவாளமும் மட்டும் வாங்குவதே மலிவு. நான் கட்டியது இப்படி: 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, டி.சி. மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று, முன்னும் பின்னும் மாற்ற ஆறு கால் ஸ்விட்ச் ஒன்று. மூன்றும் பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரே சந்தில் கிடைத்தன. ஸ்விட்சின் இரண்டு முனைகளைக் குறுக்கே மாற்றிக் கட்டினால் தண்டவாளத்தில் பிளஸ் மைனஸ் இடம் மாறும், வண்டி திரும்பி வரும். 230 வோல்ட் பக்கம் கையே வைக்காதீர்கள், அடாப்டரைப் பிரிக்க வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

ஒரு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். இன்ஜின் தடம்புரண்டால் இரண்டு தண்டவாளமும் ஒட்டி ஷார்ட் ஆகும், போர்டு போய்விடும். இதற்குத் தண்டவாளத்துக்குப் போகும் ஒரு வயரின் நடுவில் 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். சாதாரணமாக ஓடும்போது அணைந்திருக்கும் அல்லது லேசாக மின்னும், ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரிந்து கரண்ட்டைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் போய்க் கேட்டபோது, "எந்த வண்டிக்கு சார்?" என்றார். "ரயில் வண்டிக்கு" என்றேன். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வேறொன்றும் கேட்கவில்லை.

இந்த வேகக் கட்டுப்பாட்டு போர்டுகள் கரண்ட்டை விட்டு விட்டு அனுப்புகிறவை. சாதாரண மோட்டாருக்கு அது பிரச்சினை இல்லை. 'கோர்லெஸ்' மோட்டார் என்று விவரத்தில் போட்டிருந்தால் அது சூடாகிக் கெடலாம், அந்த இன்ஜினுக்குச் சீரான டி.சி. கொடுக்கும் கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழி. மார்க்லின் நிறுவனத்தின் எச்.ஓ. இன்ஜின்கள் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் தொடுமுனைகளிலிருந்து கரண்ட் எடுப்பவை. நம் இரண்டு தண்டவாள டி.சி. முறைக்கு அவை ஒத்துவராது, சக்கரத்தை வைத்ததுமே ஷார்ட் ஆகும். பழைய மார்க்லின் மலிவாகக் கிடைக்கிறது என்று தாவிவிடாதீர்கள்.

5. பழைய இன்ஜினை எப்படிச் சோதிப்பது

நம் பட்ஜெட்டில் பழையதுதான் புத்திசாலித்தனம். மலிவான புதியதைவிட நல்ல பழையது நன்றாக ஓடும். வெளியே பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

மோட்டார் நடுவில் உட்கார்ந்து இரண்டு போகிகளையும் (இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) ஓட்ட வேண்டும். ஒரு போகிக்குள் மட்டும் தட்டையான மோட்டார் வைத்த பழைய வகைகள் மலிவு, ஆனால் அரை வண்டிதான் இழுக்கும், கரண்ட்டும் அதிகம் குடிக்கும். மோட்டாரின் இரு பக்கமும் பித்தளைச் சுழல்சக்கரம் இருந்தால் இன்னும் நல்லது. தூசியில் ஒரு கணம் கரண்ட் விட்டாலும் அந்தச் சுழற்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். எல்லாச் சக்கரங்களும் கரண்ட் எடுக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

விற்பவரிடம் வீடியோ கேளுங்கள். அவர் அனுப்புவது வேகமாக ஓடுகிற வீடியோவாக இருக்கும். வேகமாக எதுவும் ஓடும். "மிகக் குறைந்த வேகத்தில், முன்னும் பின்னும், ஒரு முழு நிமிடம், சத்தத்தோடு" என்று எழுதிக் கேளுங்கள். ஊர்ந்து போகும்போது டிக்... டிக்... என்று ஒரே இடைவெளியில் தட்டுகிறதா? அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. வருஷமானால் சில பழைய இன்ஜின்களில் இது வரும். மாற்றுச் சக்கரம் கிடைக்கும், விலையும் அதிகமில்லை, ஆனால் அதற்கும் கூரியர் செலவு இருக்கிறதே. அடிப்பக்கப் படமும் வாங்குங்கள். சக்கரத்தின் வெள்ளி நிறப் பூச்சு தேய்ந்து மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால் நிறைய ஓடிய வண்டி.

"சோதித்துப் பார்க்கவில்லை" என்று போட்டிருந்தால் "ஓடாது" என்று படித்துக்கொள்ளுங்கள்.

6. கொக்கி

ஒரே நாட்டு, ஒரே ஸ்கேல் இன்ஜினும் பெட்டியும் வாங்கினால் இந்தத் தலைப்பைத் தாண்டிப் போகலாம். அமெரிக்க எச்.ஓ.வில் விரல் மடக்கியது போன்ற கொக்கி, ஐரோப்பிய எச்.ஓ.வில் வளையம். இரண்டும் சேராது.

7. வரவழைத்தல்: தாள், வரி, நாள்

இரண்டு வழிகள் உண்டு. கூரியர் அல்லது தபால் ஒன்று, வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் தெரிந்தவரின் பயணப் பெட்டி மற்றொன்று.

கூரியர் என்றால் வரிக்குத் தயாராக இருங்கள். பொம்மைகள் மேல் அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. சொந்த உபயோகத்துக்கு வரும் பொருள் என்று எடுத்துக்கொண்டால் வரி வேறு, அதுவும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பது அதிகாரி கையில். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு, கூரியர்காரரின் கட்டணம் உண்டு. வரி போடுவது பொருள் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கு. நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்து ஆறாயிரம் என்றால் கையில் பன்னிரண்டாயிரம் இருக்க வேண்டும். மிஞ்சினால் சரக்குப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார், பான் நகல்கள், விற்பவர் கொடுத்த பில், பணம் கட்டிய ரசீது, பொருள் பெட்டியில் '14 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருக்கும் பக்கத்தின் படம். கடைசி ஒன்று ஏனென்றால், 2021 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் பொம்மைத் தர ஆணை 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்கிறது. ஸ்கேல் மாடல்கள் பெரியவர்களுக்கானவை. அதை எழுத்தில் காட்ட முடிந்தால் பேச்சு குறையும்.

"பரிசு என்று எழுதி அனுப்புங்கள், வரி இல்லை" என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2019 டிசம்பரோடு அந்தச் சலுகை போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும்தான் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். அதிகாரி சந்தை விலை போட்டு அபராதமும் சேர்ப்பார், வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு.

பொருள் வருகிற வாரத்தில் "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வரலாம். தொடாதீர்கள். கூரியர் நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய்ப் பார்சலின் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள், உண்மையான தொகை அங்கேயே இருக்கும். வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்கவும், முடிந்ததும் மூடவும் மறக்காதீர்கள். அதற்கு வங்கி எடுக்கும் இரண்டு மூன்று சதவீதத்தையும் கணக்கில் சேருங்கள்.

எனக்குக் கூரியரில் ஒரு பார்சல் வந்தது பதினொரு நாளில். தபாலில் வந்த பல்சக்கரப் பொட்டலம் ஐந்து வாரம் எடுத்தது. பொங்கலுக்குப் பேரனுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும் என்றால் கார்த்திகையிலேயே பணத்தைக் கட்டிவிடுங்கள்.

தெரிந்தவர் பெட்டிதான் நம் மாவட்டத்துக்குப் பொருத்தமான வழி. ஓசூர் கம்பெனிகளிலிருந்து பயிற்சிக்கென்று ஜப்பான், ஜெர்மனி போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! என் இன்ஜினும் தண்டவாளமும் நண்பர் மகன் ஜப்பானில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தபோது வந்தவை. அங்கே 'என்' ஸ்கேல்தான் ராஜா, பழைய பொருள் கடைகளில் நல்ல நிலையில் குவிந்து கிடக்கும். ஊர் திரும்புகிற பயணிக்குச் சாமான்களில் வரியில்லா வரம்பு உண்டு. 2016 விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது, புறப்படும் முன் அன்றைய வரம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வரம்பு அவருடையது, அவரும் வீட்டுக்கு ஏதாவது வாங்கியிருப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

அவருக்கு எழுதிக் கொடுக்கும்போது "நல்ல இன்ஜினா ஒண்ணு" என்று சொல்லாதீர்கள். ஸ்கேல், இன்ஜின் பெயர், தயாரிப்பு எண், அதிகபட்ச விலை என நான்கு வரி எழுதுங்கள். கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இரும்புக் கட்டி போலக் கனக்கிற பொருள் என்பதால் எக்ஸ்ரேயில் கேள்வி வரலாம், டேப் சுற்றாமல் சுலபமாகத் திறக்கிற மாதிரி இருக்கட்டும். பணத்தைப் போகும்போதே கொடுத்துவிடுங்கள்.

8. வந்த அன்று

பார்சல் என்றால் பிரிப்பதைச் செல்போனில் படம் பிடியுங்கள், உடைந்திருந்தால் அதுதான் சாட்சி. பிறகு 9 வோல்ட் பேட்டரி ஒன்றில் இரண்டு வயர் எடுத்து, இன்ஜினைக் கவிழ்த்துப் பிடித்து, இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்றும் வலப்பக்கத்தில் ஒன்றும் வையுங்கள். சக்கரம் சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. வயரை மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். எச்.ஓ., 'என்' இரண்டு ஸ்கேலுக்கும் இது பொருந்தும்.

தண்டவாளத்தையும் சக்கரத்தையும் ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சேரும். முதல் நாள் நடுத்தர வேகத்தில் ஒரு பக்கம் இருபது நிமிடம், மறுபக்கம் இருபது நிமிடம் தனியாக ஓடட்டும். பெட்டிகளை அப்புறம் மாட்டுங்கள்.

எண்ணெய் விடுவதென்றால் பிளாஸ்டிக்கைத் தின்னாத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் எடுத்து ஒரு துளி, அச்சு முனையில் மட்டும். கையில் கிடைத்தது என்று நான் முதலில் விட்டது தேங்காய் எண்ணெய். மார்கழிக் காலையில் உறைந்து, இன்ஜின் அசையவே இல்லை. வெயில் ஏறியதும் தானாக ஓடியது.